கென்ட் போகும் மகள், சைகோன் போகும் மகன்: எந்தப் பேச்சைப் படிப்பது?

கேள்வி: மகள் நர்ஸ், பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்குப் போகிறாள். டச்சு வகுப்புக்குப் பணம் கட்டியபின், "அங்கே பேசுவது ஃப்ளெமிஷ், அதற்குத் தனிக் கட்டணம்" என்கிறார்கள். மகனுக்கு வேலை வியட்நாமின் தெற்கே, ஹோ சி மின் நகரில் (பழைய பெயர் சைகோன்). அவனுக்குப் பாடம் எடுப்பவர் வடக்கே ஹனோய்க்காரர். "வியட்நாம் முழுக்க ஒரே பேச்சுதான்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இரண்டுமே தலைகீழ்.

மகளுக்கு இனி ஒரு பைசா கட்டாதீர்கள். ஃப்ளெமிஷ் என்பது பெல்ஜியத்தில் பேசும் டச்சுதான். கென்ட் இருக்கும் ஃப்ளாண்டர்ஸை பெல்ஜிய அரசியலமைப்பே டச்சு மொழிப் பகுதி என்றுதான் சொல்கிறது. 1980-ல் நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஒப்பந்தம் போட்டு அமைத்த மொழி ஒன்றியம்தான் இரு நாட்டுக்கும் எழுத்துமுறையை வகுக்கிறது. "ஃப்ளெமிஷ் சர்டிஃபிகேட்" என்று யாராவது நீட்டினால் அது வெறும் காகிதம். இதை நாலு வரியில் தெளிவாகச் சொல்ல அலுவலகங்களுக்கு மனம் வருவதில்லை. ஏஜென்ட்டுகள் அதில் காசு பார்க்கிறார்கள். வித்தியாசம் இல்லாமல் இல்லை. 'லோப்பென்' என்றால் ஆம்ஸ்டர்டாமில் நடப்பது, கென்ட்டில் ஓடுவது. ஆபரேஷன் முடிந்தவரிடம் பார்த்துச் சொல்லட்டும்!

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, நர்ஸ் என்பதால் சொல்கிறேன். மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பக்கத்து முதியவர்கள், ப்ரூஹ, கோர்ட்ரைக் ஊர்க்காரர்கள், பேசினால் மற்ற ஃப்ளெமிஷ்காரர்களே திணறுவார்கள். டிவியில் அவர்கள் பேச்சுக்கு அடியில் எழுத்துப் போடுவதுண்டு. 'ஆமாம்' என்பதற்கே அங்கே ஆளுக்கு ஒரு விகுதி: தன்னைப் பற்றிய பதில் என்றால் 'யோக்', அடுத்தவரைப் பற்றியது என்றால் வேறு. பொதுப் பேச்சில் 'க்ஹ' என்று உரசும் ஒலி அவர்கள் வாயில் வெறும் 'ஹ'. இதைச் சென்னை வகுப்பில் யாரும் கற்றுத்தர முடியாது. வார்டில் நாலு தாத்தா பாட்டியோடு பழகினால் காது பிடித்துக்கொள்ளும்.

மகனுக்குத்தான் ஆசிரியரை மாற்ற வேண்டும். எழுத்து நாடு முழுக்க ஒன்றே, அதனால் புத்தகம் வீணாகாது. ஒலிதான் சிக்கல். வியட்நாம் மொழியில் சுரம், அதாவது சொல்லும்போது குரலின் ஏற்ற இறக்கம், மாறினால் பொருளே மாறும். ஹனோயில் ஆறு சுரம், சைகோனில் இரண்டு கலந்து ஐந்து. பன்றி வடக்கே 'லொன்', தெற்கே 'ஹேவ்'. "நியூட்ரல் வியட்நாமீஸ்" என்று விற்பார்கள். அப்படி ஒரு பேச்சே கிடையாது.

புது ஆசிரியரிடம் பணம் கட்டுமுன், வியட்நாம் பெண்கள் அணியும் நீள உடையின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். 'ஆவ் யாய்' என்றால் தெற்கத்திக்காரர். இரண்டாம் சொல் இஸட் ஒலியில் தொடங்கினால் வடக்கத்தி. வேறு ஆளைப் பாருங்கள்.