ஒரே கணினியில் இரண்டு செயலிகள்

கேள்வி: பழைய ஆப்பிள் 2 கணினிகளில் சிபி/எம் இயங்குதளம் இயங்கியதாகப் படித்தேன். இன்டெல் 8080 செயலிக்காக எழுதப்பட்ட அது, 6502 செயலி கொண்ட ஆப்பிளில் எப்படி இயங்கியது? மேலும், எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) அதை இயக்கும்போது, பி டிரைவில் வட்டை மாற்றிவிட்டுக் கோப்பைச் சேமிக்க முயன்றால், ‘பிடாஸ் எர் ஆன் பி: ஆர்/ஓ’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. இது எமுலேட்டரின் கோளாறா?
– வாசகர், ஈரோடு

பதில்: சிபி/எம்மை 6502 இயக்கவே இல்லை. 8080-க்கென எழுதிய தன் நிரல்மொழி மென்பொருள்களையெல்லாம் 6502-க்காக மீண்டும் எழுதும் வேலையைத் தவிர்க்க விரும்பிய மைக்ரோசாஃப்ட், 1980-இல் சாஃப்ட்கார்டு என்ற அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 8080-இன் கட்டளைகளை அப்படியே ஏற்கும் இசட்80 செயலி அதில் இருந்தது. ஆப்பிளின் ஸ்லாட் ஒன்றில் அட்டையைச் செருகிவிட்டால், எழுத்தாக்க மென்பொருளான வேர்ட்ஸ்டார் போன்ற சிபி/எம் மென்பொருள்களை அதில் இயக்கலாம்.

நினைவகத்தைப் பங்கிடுவதில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. சிபி/எம் தனக்குரிய நுழைவாயில்களை முகவரி 0 முதல் வைத்துக்கொண்டு, பயனரின் நிரலை 256-ஆம் முகவரியில் ஏற்றும். ஆனால் 6502-க்கு முதல் 256 பைட்டுகள் அன்றாட வேலைக்கும் அடுத்த 256 பைட்டுகள் ஸ்டாக்கிற்கும் (இடைக்காலத் தகவல்களை அடுக்கிவைக்கும் இடத்திற்கும்) கட்டாயம் தேவை, 1024 முதல் 2047 வரை ஆப்பிளின் எழுத்துத் திரையும் அமர்ந்திருந்தது. எனவே அட்டையிலிருந்த சுற்று, இசட்80 கேட்கும் முகவரி 0-ஐ ஆப்பிளின் 4096-க்குத் தள்ளிவிட்டு, ஆப்பிளின் முதல் 4096 பைட்டுகளை இசட்80-இன் கண்ணுக்கு 61440-க்கு மேலே கொண்டுபோய் வைத்தது. ஒரே வீட்டின் இரு குடித்தனங்களுக்கும் தலைவாசல் இருப்பதுபோலக் கதவெண்ணை மாற்றிய இந்த வித்தை, என் கணிப்பில், அட்டையில் இசட்80-ஐப் பொருத்தியதைவிடப் பெரிய சாதனை. வட்டைப் படிப்பது முதலான வேலைகளுக்கு இசட்80 ஒதுங்கிக்கொள்ள, 6502 விழித்து அதை முடித்துக்கொடுத்துவிட்டு மீண்டும் ஓய்ந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: எமுலேட்டரில் கோளாறு இல்லை. சிபி/எம் 2.2 ஒரு வட்டை முதன்முறை அணுகும்போது, எந்தப் பகுதிகள் காலி என்ற வரைபடத்தையும் கோப்புப் பட்டியலின் சரிபார்ப்புக் கூட்டல்களையும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பின்னர் கூட்டல் ஒத்துப்போகாவிட்டால், பழைய வட்டின் வரைபடத்தைக் கொண்டு புதிய வட்டில் எழுதிப் பாழாக்கிவிடாதபடி, அந்த டிரைவைப் ‘படிக்க மட்டும்’ (செய்தியில் வரும் ஆர்/ஓ) என்று பூட்டிவிடுகிறது. பயனருக்கு எரிச்சலூட்டினாலும், கோப்புகளைக் காப்பாற்றியது இந்தப் பிடிவாதம்தான். செய்தி தோன்றியபின் ஒரு விசையை அழுத்தினால் நிரல் கைவிடப்பட்டு, சேமிக்காத எழுத்தும் அதனுடன் போய்விடும் என்பதால், வட்டை மாற்றியதும், எந்த நிரலையும் தொடங்குவதற்கு முன்பே, கட்டளைக் குறியில் கன்ட்ரோல்-சி அழுத்திவிடுங்கள்; சிபி/எம் பழைய வரைபடத்தை விட்டுவிட்டுப் புதிய வட்டைப் புதிதாக அணுகும்.