கேளுங்க சொல்றேன்: ஒரு டயர் மட்டும் சுத்துது, வண்டி நகரல

கேள்வி: அண்ணே, கூடலூர் பக்கம் எஸ்டேட்ல பிக்கப் ஓட்டுறேன், டூ வீல் டிரைவ் தான். மழை பேஞ்சா இலை ஏத்தப் போற வழியில இடது பின் டயர் பள்ளத்துல இறங்கி அது மட்டும் சும்மா சுத்துது, வலது டயர் கெட்டி மண்ணுல நின்னும் அசையவே மாட்டேங்குது. எல்எஸ்டி (ஒரு டயர் மட்டும் சும்மா சுத்துறதை ஓரளவு தடுக்கிற கியர் செட்) போடலாமா, லாக்கர் (ரெண்டு டயரையும் ஒண்ணாப் பூட்டுறது) போடலாமா? ஒரு ஒர்க்‌ஷாப்ல டிஃப்ரன்ஷியலை (பின் ஆக்சில் நடுவுல ரெண்டு டயருக்கும் விசையைப் பிரிச்சு விடுற கியர் பெட்டி) வெல்டிங் வச்சிடலாம், செலவு கம்மின்னு சொல்றாங்க.

பதில்: தம்பி, வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். வளைவுல வெளிப்பக்க டயர் கூட தூரம் ஓடணும், அதுக்குத்தான் டிஃப்ரன்ஷியலே இருக்கு, அதை வெல்டிங் வச்சுட்டு மசினகுடியில இருந்து கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசியும் ஏறினீங்கன்னா டயர் தேயும், ஆக்சில் முறுக்கி ஒரு நாள் உடையும், ஈர ரோட்டுல பின்பக்கம் வெளிய தள்ளும். லோடு மேல ஆளுங்க உக்காந்து வர்ற வண்டி அது.

இப்ப ஏன் வலது டயர் அசையலன்னு பாருங்க. சாதா டிஃப்ரன்ஷியல் ரெண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசைதான் குடுக்கும். சேத்துல இருக்கிற டயர் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல பிடிக்காம வழுக்குதுன்னா கெட்டி மண்ணுல இருக்கிற டயருக்கும் அதே 100 தான் போகும், லோடு வண்டியை மேட்டுல ஏத்த அது பத்தாது. நீங்க ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்க அந்த ஒத்தை டயர் ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும், மீட்டர் 30 காட்டினா அந்த டயர் 60ல ஓடுதுன்னு அர்த்தம், அப்பவே டிஃப்ரன்ஷியல் உள்ள இருக்கிற ஸ்டார் பினியன்கிற சின்னப் பல்சக்கரமும் அதைத் தாங்குற பின்னும் சூடாகித் தேயுது. தயவுசெஞ்சு அப்படி ரேஸ் பண்ணாதீங்க.

எல்எஸ்டியில கிளட்ச் பிளேட் வச்சது ஒரு வகை, ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் சேத்துப் பிடிக்கும், ஆனா பிளேட் தேயும், அதுக்குன்னு இருக்கிற கியர் ஆயில்தான் ஊத்தணும், இல்லன்னா திரும்பும்போது டிக்கு டிக்குன்னு உதறும். இன்னொன்னு முழுக்க கியராலயே ஆனது, பிடி கம்மியா இருக்கிற டயர் தாங்குற விசையை விட 2, 3 மடங்கு அடுத்த டயருக்குக் குடுக்கும், ஆனா ஒரு டயர் அந்தரத்துல தொங்கினா பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அந்த நேரத்துல ஹேண்ட் பிரேக்கை லேசா இழுத்துப் பிடிச்சு மெதுவா ஆக்சிலேட்டர் குடுங்க, சுத்துற டயருக்கு எதிர்விசை கிடைச்சு அடுத்த டயர் இழுக்கும், சாதா டிஃப்லயே இது ஓரளவு வேலை செய்யும்.

உங்களுக்கு டயர் பள்ளத்துல தொங்குற கேஸ், அதனால லாக்கர் தான் சரி. மஹிந்திரா தார்ல வர்ற மெக்கானிக்கல் லாக்கிங் மாதிரி தானா பூட்டுற வகை ரொம்ப நல்லது, ரெண்டு டயருக்கும் வேக வித்தியாசம் சுமார் 100 ஆர்பிஎம் வந்ததும் பூட்டிக்கும், ரோட்டுல வேகம் எடுத்தா பூட்டாது, டிரைவருக்கு யோசனையே வேண்டாம். அமெரிக்காவுல ஜிஎம் பிக்கப்ல 1973லயே இந்த வகை வந்துடுச்சு. உங்க ஆக்சிலுக்குப் பொருந்துற செட் இருக்கான்னு ஹவுசிங் (ஆக்சில் கூடு) நம்பரை வச்சுக் கேட்டுட்டு அப்புறம் காசு குடுங்க. அதுக்கு முன்னாடி பின் டயர் பட்டனை (ரோட்டுல படுற மேடு பள்ளத்தை) பாருங்க, மொழுமொழுன்னு இருந்தா எந்த லாக்கரும் காப்பாத்தாது. காலி வண்டியில போறப்ப ஆக்சிலுக்கு நேர் மேல நாலு மணல் மூட்டை போடுங்க, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) வச்ச பிக்கப் காலியா இருந்தா பின்னாடி பிடியே இருக்காது.

கேள்வி: ஓமன்ல கம்பெனி ஹைலக்ஸ் ஓட்டுறேன். டிஃப் லாக் பட்டனை மணல்ல எப்பவும் போட்டே வச்சிருக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். மணல்ல மாட்டினதும் முதல்ல டயர் காத்தை 15, 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குங்க, பாதி நேரம் அதுலயே வெளிய வந்துடும். வரலன்னா டயர் சுத்துறது நின்ன பிறகு பட்டனைப் போடுங்க, மீட்டர்ல விளக்கு மினுக்கிட்டு நின்னு எரிஞ்சாத்தான் பூட்டியிருக்குன்னு அர்த்தம், ஸ்டியரிங்கை நேரா வச்சு மெதுவா வெளிய வந்ததும் எடுத்துடுங்க. பூட்டினபடியே வளைச்சா வண்டி நேராவே போகப் பாக்கும், தார் ரோட்டுல அப்படியே ஏறிட்டீங்கன்னா ஆக்சிலுக்கு ஆபத்து. காத்து இறக்கினதை மறந்துட்டு ரோட்டுல வேகம் எடுத்துடாதீங்க, கம்ப்ரசர் வண்டியிலயே இருக்கட்டும்.