தாடி ஓணான் குட்டிக்கு உயிருள்ள பூச்சிகளை எப்படிக் கொடுப்பது?

சேலத்தில் மூன்று மாதத் தாடி ஓணான் (பியர்டட் டிராகன் எனப்படும் ஆஸ்திரேலிய ஓணான்) குட்டி ஒன்றை வளர்ப்பதாகவும், தோட்டத்துப் பூச்சிகளையே பிடித்துப் போடலாமா, ஒரு நாளைக்கு எத்தனை போட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்துப் பூச்சி வேண்டவே வேண்டாம். எண்ணிக்கையை விடப் பூச்சியின் பருமனையும், அது கடைசியாக எதைத் தின்றது என்பதையும் கவனியுங்கள்.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே குடியிருந்துகொண்டு இதே ஓணான் ஒன்றை வளர்க்கிறேன். வாசலில் இறங்கினால் வெட்டுக்கிளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தச் செடிக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்பது வெட்டுக்கிளியைப் பார்த்தால் தெரியாது. மின்மினிப் பூச்சி இன்னும் ஆபத்தானது. ஒரே ஒரு மின்மினியை விழுங்கித் தாடி ஓணான்கள் இறந்திருக்கின்றன.

ஆகவே வளர்ப்புப் பூச்சிகளையே வாங்குங்கள். நான் சேலத்திலிருந்து கிரிக்கெட் பூச்சிகளை (சுவர்க்கோழி) வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது அவற்றின் வயிறு ஒட்டிப்போயிருக்கும். அப்படியே போட்டால் குட்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் ஓடுதான். முட்டை அட்டைகளை நிறுத்திய ஒரு டப்பாவில் விட்டு, ஒரு நாள் முழுவதும் கேரட்டும் முருங்கைக் கீரையும் தின்னக் கொடுத்த பிறகே அவற்றை எடுக்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் மூழ்கிச் செத்துவிடும். கேரட்டின் ஈரமே போதும்.

குட்டியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மீறிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். கிரிக்கெட்டில் கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் மிக அதிகம் என்பதால், வளரும் குட்டிக்கு அது மட்டும் போனால் எலும்பு வலுவிழந்து தாடையும் கால்களும் வளைந்துவிடும். ஒரு சிறு டப்பாவில் பூச்சிகளையும் ஒரு சிட்டிகை கால்சியம் பொடியையும் போட்டுக் குலுக்கினால் திருநீறு பூசியது போல வெளுத்து வரும். சில நிமிடங்களில் பூச்சி தன்னைத் துடைத்துக்கொண்டுவிடும் என்பதால் உடனே கொடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இப்படிச் செய்கிறேன். பி.எஸ்.எஃப் புழுவில் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு) இயல்பாகவே கால்சியம் மிகுதி. மீல்வார்ம் என்ற வண்டுப் புழுவின் தோல் கடினமானது. குட்டி வளரும் வரை அதைத் தள்ளிவையுங்கள்.

நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தின்ற அளவு போதும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன்: ஓர் இரவு சோம்பலில் நாலைந்து கிரிக்கெட்டுகளைத் தொட்டியிலேயே விட்டுவிட, காலையில் பார்த்தால் உறங்கிய குட்டியின் வால் நுனியைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தன. பல்லிக்கு முளைப்பது போல இதற்கு வால் மீண்டும் முளைக்காது.

தின்றது செரிக்க வெப்பம் வேண்டும். தொட்டியில் வெப்ப விளக்கின் கீழே குட்டி வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். மறுமுனை 28 டிகிரியைத் தாண்டாமலிருந்தால் நல்லது. எங்கள் மலைக்குளிரில் முதலாவது கடினம், உங்கள் சித்திரை வெயிலில் இரண்டாவது கடினம். விளக்கை அணைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி வேளையை முடித்துவிடுங்கள். கால்சியம் உடலில் சேர யு.வி.பி (புற ஊதாக் கதிர்) விளக்கு அவசியம். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்கு ஈடாகாது.

கீரையையும் இப்போதே பழக்குங்கள், பாலக் மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது தொடக்கத்தில் கீரைத் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையின்மேல் நாலு பி.எஸ்.எஃப் புழுக்களை நெளியவிட்டபோது, புழுவைக் கவ்வும் வேகத்தில் இலையும் சேர்ந்து உள்ளே போனது.