ஆஸ்டரும் கார்த்திகைப்பூவும்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்த நான் பல ஆண்டுகளாக ரொறொன்ரோவில் வசிக்கிறேன். வீட்டின் பின்வளவில் நியூ இங்கிலாந்து ஆஸ்டர் வைத்திருக்கிறேன். செப்ரெம்பரில் மற்றப் பூக்கள் ஓயும்போது அது ஊதா நிறத்தில் பூக்கும். இந்த ஆண்டு ஆளுயரம் வளர்ந்து, அடியிலைகள் கருகி, பூத்த நேரத்தில் மழைக்குச் சாய்ந்துவிட்டது. நான் என்ன செய்யத் தவறினேன்? மார்கழியில் ஊருக்கு வரும்போது ஒரு வேர்த்துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் முற்றத்தில் நட்டால் பிழைக்குமா?

ரொறொன்ரோ வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆஸ்டர் நோயுற்றுச் சாயவில்லை. நுனி கிள்ளாமல் விட்டதால் தன் பாரம் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. ஐந்து, ஆறு அடி வளர்வது அதன் இயல்பு. மே மாத இறுதியில் தண்டுகள் ஓரடி எழுந்ததும் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். ஜூனில் இன்னொருமுறை கிள்ளினால் செடி குட்டையாகப் பக்கக் கிளை விட்டு, மொட்டும் கூடுதலாகக் கட்டும். ஜூலை தொடக்கத்துக்குப் பிறகு கிள்ளக் கூடாது; பூப்பது பிந்தி, உறைபனி மொட்டுகளைப் பிடித்துவிடும். அடியிலை உதிர்வது இந்த இனத்தில் வழக்கந்தான், மண் காய்ந்தால் அது மிகும். ஆகவே கோடையில் வேருக்குத் தண்ணீர் விட்டு, முன்வரிசையில் குட்டையான செடிகளை வைத்து வெறுந்தண்டை மறைத்துவிடலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத் தொடக்கத்தில் தூரைத் தோண்டி, நடுவிலுள்ள முற்றிய பகுதியை நீக்கி, ஓரத்து இளந்தளிர்களை மட்டும் திரும்ப நடுங்கள்.

ஒன்றை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். தெற்கு ஒன்ராறியோ அந்தச் செடியின் பிறந்த மண். மெக்சிக்கோ நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வழித்துணையாக நிற்கும் கடைசித் தேன்பூக்களில் அதுவும் ஒன்று. பெயரில் நியூ இங்கிலாந்து இருந்தாலும், நீங்கள் வளர்ப்பது நீங்கள் குடியேறிய ஊரின் சொந்தப் பூவைத்தான்.

அதனாலேயே அதை அம்மாவின் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். உயிர்ச்செடியை இலங்கைக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் பகலின் நீளம். ஆஸ்டர் தண்டு நீள நீண்ட பகல் வேண்டும்; பின்னர் மொட்டுக் கட்டப் பகல் குறுக வேண்டும். ரொறொன்ரோவில் ஆனியில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக இருக்கும் பகல் மார்கழியில் ஒன்பது மணி நேரமாகச் சுருங்குகிறது. யாழ்ப்பாணத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் வேறுபாடு. பூத்து முடிந்தபின் அந்த வேர் குளிரில் உறங்கியெழ வேண்டும். அந்தக் குளிரை நம் செம்மண் ஒருநாளும் கொடுக்காது.

அம்மாவுக்கு அதே சாயலில் பூ வேண்டுமென்றால் சீன ஆஸ்டர் விதை வாங்கிக் கொடுங்கள். அது வேறு பேரினம், ஒரு பருவத்தோடு முடியும் செடி. மழை கடுமையாக இருக்கும்போது கூரையடியில் சாடியில் நாற்றுப் போட்டு, தையில் பாத்திக்கு மாற்றினால் பங்குனி வெயில் ஏறுமுன் பூக்கும். வாடல் நோய் மண்ணில் தங்கிவிடும் என்பதால் அடுத்த ஆண்டு அதே பாத்தியில் வைக்கக் கூடாது.

எனினும் நீங்கள் தேடுவது ஆண்டு முடிவில், சொன்ன தவணைக்குத் திரும்பி வரும் பூ என்றே உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. அப்படியானது நம் வேலியிலேயே இருக்கிறது. கார்த்திகைப்பூ கோடை முழுவதும் கிழங்காக நிலத்துக்குள் உறங்கி, மழை விழுந்ததும் எழுந்து, இலைநுனிச் சுருளால் வேலியைப் பற்றி ஏறி, பச்சையாக விரிந்து மஞ்சளாகிச் சிவக்கிறது. ஆஸ்டர் பனியில் எடுக்கும் ஓய்வை இது வரட்சியில் எடுக்கிறது. நீங்கள் வரும் மார்கழியில் பூ ஓயத் தொடங்கியிருக்கும். கொடி நின்ற இடத்தை அடையாளமிட்டு வைத்து, அது முற்றாகக் காய்ந்தபின் கிழங்கை எடுக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். கலப்பை வடிவக் கிழங்கின் முனையில்தான் முளை இருக்கும். அது எளிதில் முறியும், முறிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கடும் நஞ்சு. ஆகவே கையுறை போட்டே தோண்ட வேண்டும். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத வேலியோரத்தில், ஆவணி கழியுமுன் நட்டுவிட வேண்டும்.