அதிகாலை மூன்று மணி ஆட்டமும் மகனின் கோபமும்

கேள்வி: எனக்கு வயது 63. பால்மரம் வெட்டியவள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பு ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் கோல்கீப்பர். மலேசியக் கோல்கீப்பர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் என்றால் அவருக்கு உயிர். அவரோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. 86-ல் மரடோனா கிண்ணம் தூக்கியதை லயத்தில் கார் பேட்டரியில் ஓடிய டிவியில் பார்த்தவள் நான். 98-ல் அவர் பிரேசில் மேல் பணம் கட்டித் தோற்று, என் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது தனிக்கதை. இப்போது அவர் இல்லை. ஜூன் மாதம் உலகக் கிண்ணம் வருகிறதே, பார்க்கட்டுமா என்று மகனிடம் கேட்டேன். “ராத்திரி மூணு மணிக்கு டிவியப் போட்டு உக்காரப் போறியா? இந்த வயசுல என்னம்மா பந்து? இனிப்புநீர் வேற இருக்கு” என்று கத்திவிட்டான். சாலையோரச் சாப்பாட்டுக் கடையான ஒட்டுக்கடையில் போய்ப் பார்த்தால் ஊர் சிரிக்குமாம். நம் நாடே ஆடாத போட்டிக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று பக்கத்து வீட்டிலும் கேட்கிறார்கள். நான் ஆசைப்படுவது தப்பா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள அக்கா,

தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

98-ல் சங்கிலி அடகுக்கடைக்குப் போனதைத் தனிக்கதை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்த வருடம் உங்கள் மகனுக்கு என்ன வயது இருக்கும்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருந்திருப்பார். அந்த இறுதியாட்டம் நம் நேரத்துக்கு ஜூலை 13, அதிகாலை மூன்று மணி. பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் போய், கடைசி நேரத்தில் மறுபடி சேர்த்தார்கள். மனுஷன் அன்று திடலில் நடந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிரான்ஸின் ஸிடான் தலையால் முட்டியே இரண்டு கோல் போட்டார், கடைசியில் பெத்தி ஒன்று. பிரான்ஸ் 3, பிரேசில் 0. பிரேசிலை நம்பிக் காசைக் கட்டியவர் உங்கள் வீட்டுக்காரர் ஒருவர் மட்டுமா என்ன? ஆனால் வீட்டில் இருந்த பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா ராத்திரியில் பந்து பார்த்தார், அப்புறம் அம்மா கழுத்தில் சங்கிலி இல்லை. அவர் கண்ட உலகக் கிண்ணம் அதுதான்.

இது என் ஊகம்தான். ஆனாலும் உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். மகன் வாயில் முதலில் வந்தது உங்கள் வயதும் இல்லை, இனிப்புநீரும் இல்லை. “ராத்திரி மூணு மணி” என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்.

அதனால் அனுமதி கேட்பதை இப்போதைக்கு விடுங்கள். அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, சங்கிலியைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். அன்று உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். இத்தனை வருடமாக அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு காசு கூட இதில் போட மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். இது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பணம் கட்ட ஓர் ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்றைக்குக் கைப்பேசியிலேயே கட்டிவிடலாம், தோற்றால் கடன் கொடுக்க ஆலோங் என்கிற வட்டிக்காரன் காத்திருக்கிறான். “சும்மா பத்து வெள்ளி போட்டுப் பாருங்க ஆன்ட்டி” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்டது சொந்தக்காரப் பையனாக இருந்தாலும் அதை மகனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது நல்ல செய்திக்கு வருவோம். இந்த 2026 உலகக் கிண்ணம் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் தலைவலி, உங்களைப் போல் ஓய்வில் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். கத்தார் நடத்தியபோது ஆட்டங்கள் நமக்கு மாலை 6, இரவு 9, நள்ளிரவு, அதிகாலை 3 என்று வந்தன. இறுதியாட்டம் இரவு 11 மணிக்கு. அப்போது எல்லாரும் ஒட்டுக்கடையில் கூடினார்கள். இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. நியூயார்க் பக்கம் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம், அங்கே மாலை 6 என்றால் இங்கே காலை 6. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 15 மணி நேரம் பின்னால், அங்கே இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 10. அதாவது மகன் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வீட்டுக் கூடத்தில் நீங்களும் டிவியும் மட்டும்தான் இருப்பீர்கள்.

நீங்கள் மரடோனா கட்சி என்பதால் அர்ஜென்டினாவையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆட்டம் அல்ஜீரியாவுடன், நமக்கு ஜூன் 17, புதன்கிழமை காலை 9 மணி. அன்று அவால் முஹர்ரம் விடுமுறை, மகன் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மூன்றாவது ஆட்டம் ஜோர்டானுடன், ஜூன் 28, ஞாயிறு காலை 10 மணி. நடுவில் ஆஸ்திரியாவுடன் ஆடுவது மட்டும் 23-ஆம் தேதி நடுநிசி ஒரு மணிக்கு. அதை விட்டுக்கொடுங்கள். ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டுக்கும் பேச வாய் இருக்கும். தேதி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்க அட்டவணையில் 16 என்று இருப்பது நமக்கு 17. பேரப்பிள்ளையை மலேசிய நேரத்தில் பார்த்து எழுதித் தரச் சொல்லிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இந்த முறை 48 நாடுகள், 104 ஆட்டங்கள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மகன் பக்கம் நானும் சேர்ந்துகொள்வேன்.

“இந்த வயசுல” என்றாரே, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 86 இறுதியாட்டம் நமக்கு ஜூன் 30, திங்கட்கிழமை அதிகாலை 2 மணிக்குத் தொடங்கியது. மேற்கு ஜெர்மனி இரண்டு கோலைத் திருப்பி 2-2 ஆக்கி வயிற்றில் புளியைக் கரைத்தது. 84-ஆவது நிமிடத்தில் மரடோனா தட்டிவிட்ட பந்தை புருச்சாகா தனியாக ஓட்டிக்கொண்டு போய் உள்ளே தள்ளினார். அதைப் பார்த்து முடித்தபோது மணி நாலு ஆகியிருக்கும். அப்படியே முகத்தைக் கழுவிக்கொண்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போயிருப்பீர்கள். இன்று உங்களுக்குப் பெரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை. மதியம் இரண்டு மணி நேரம் படுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த 86 இறுதியாட்டம் நடந்த அஸ்டெக்கா அரங்கில்தான் இம்முறையும் தொடக்க ஆட்டம். 1970, 1986, 2026 என்று மூன்று உலகக் கிண்ணங்களைப் பார்க்கும் அரங்கம் அது ஒன்றுதான்.

இனிப்புநீர் பற்றி மகன் சொல்வதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். கண்விழிக்கிற நாளில் மாத்திரையும் சாப்பாடும் எந்த நேரத்தில் என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டம் பார்த்துக்கொண்டே முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கேள்வி எனக்கும் பழக்கமானதுதான். நம் நாடு உலகக் கிண்ணத்துக்கு ஒருமுறையும் போனதில்லை, உண்மை. அதற்காக ஒன்றுமே இல்லாதவர்கள் போல் பேசக் கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் போன நம் அணி இதே அமெரிக்காவை 3-0 என்று அடித்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றோம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா போகவில்லை. ஆறுமுகம் அந்த அணியின் கோல்கீப்பர். 1988-ல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் இதையெல்லாம் உங்களிடம் பலமுறை சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் நாடு இல்லையென்றால் ஆசியாவைப் பார்க்கலாமே. ஜோர்டானும் உஸ்பெகிஸ்தானும் முதல் முறையாக வருகின்றன. ஜோர்டான் உங்கள் அர்ஜென்டினாவையே எதிர்த்து நிற்கப் போகிறது. அன்று யாருக்குக் கை தட்டுவீர்களோ தெரியவில்லை.

கடைசியாக ஒட்டுக்கடை. அரையிறுதிகள் ஜூலை 15, 16, இறுதியாட்டம் ஜூலை 20 திங்கள், எல்லாமே நமக்கு அதிகாலை 3 மணி. அரையிறுதிகளை வீட்டிலேயே சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். இறுதியாட்டத்துக்கு மட்டும் மகனைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஊர் சிரிக்கும் என்கிறாரே, மகனோடு வந்து உட்காருகிற அம்மாவைப் பார்த்து எவன் சிரிப்பான்? 2019-லிருந்து சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை இருப்பதால் முன்பு போலப் புகைமூட்டமும் இருக்காது. வெள்ளைத் திரைக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், கோல் விழுந்தால் முன்னால் இருக்கிற பையன்கள் எழுந்து நின்று மறைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் சுவரோர மேசையாகப் பிடியுங்கள், இரண்டரைக்கே போனால் கிடைக்கும். இம்முறை ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள், எழுந்து காலை நீட்டிக்கொள்ள வசதி. உங்களுக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங், மகனுக்கு அவர் கேட்பது, காசு நீங்கள் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வேண்டாம், அன்று அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.