தோற்றுப்போன கேம் கன்சோலுக்கு எமுலேட்டர் எழுதிப் பழகுவது வெட்டி வேலையா?

“எமுலேட்டர் எழுதிப் பழக ஆசை. எல்லோரும் எடுக்கிற கேம் பாய், நெஸ் வேண்டாம். சந்தையில் தோற்றுப்போன கன்சோல் ஒன்றை எடுத்தால் பிரயோஜனம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (எமுலேட்டர் என்றால், ஒரு பழைய இயந்திரம் போலவே நம் கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்.) நீங்கள் மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கிறீர்கள், “இதெல்லாம் எதுக்குப்பா” என்று யாரோ ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் சொன்னார்கள்.

தாராளமாக எடுக்கலாம். என்னைக் கேட்டால் வெக்ட்ரெக்ஸ்.

1982 நவம்பரில் அமெரிக்காவில் ஜிசிஇ நிறுவனம் 199 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த கன்சோல் அது. டிவி தேவையில்லை, 9 அங்குலத் திரை அதிலேயே உண்டு. படம் கறுப்பு வெள்ளைதான். கலர் வேண்டுமென்றால் ஒவ்வொரு கேமோடும் வரும் கலர் பிளாஸ்டிக் தாளைத் திரைக்கு முன்னால் செருகிக்கொள்ள வேண்டும். அடுத்த வருடமே ஜிசிஇயை மில்டன் பிராட்லி நிறுவனம் வாங்கியது. அதே வருடம் அமெரிக்க வீடியோ கேம் சந்தை மொத்தமாகப் படுத்தது. விலையை 100 டாலருக்குக் கீழே இறக்கியும் போணியாகவில்லை. 1984-இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

நான் இசிஇ படித்தவன். லேபில் 8085 பிராசசர் பயிற்சிக் கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டித் தட்டிக் கூட்டல் கணக்குப் போட்ட தலைமுறை. வெக்ட்ரெக்ஸில் இருப்பது 6809 பிராசசர், 1.5 மெகாஹெர்ட்ஸ், 1 கேபி ரேம். 8085 புரிந்தவனுக்கு 6809 கஷ்டமே இல்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக இதை எடுக்கிறேன் என்று போய் நின்றேன். ப்ராஜெக்ட் கைடாக இருந்த ஆசிரியர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “கேமா? எக்ஸ்டர்னல் வந்தா நான் என்ன பதில் சொல்றது?” அவ்வளவுதான். எங்கள் பேட்ச் கடைசியில் என்ன செய்தது தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ப்ராஜெக்ட் சென்டரில், குடித்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாத ஹெல்மெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது. பக்கத்து பேட்ச்சும் அதே ஹெல்மெட், வேறு பெயின்ட். இரண்டுக்கும் நல்ல மார்க். அதை வாங்க என் வீட்டில் கொடுத்த பணம் இன்னும் வயிற்றெரிச்சல். சரி, அதை விடுங்கள்.

எமுலேட்டரை ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதினேன். பிராசசர் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வந்தது. திரையில்தான் ஆட்டம் ஆரம்பம். மற்ற கன்சோல்களில் படம் புள்ளிக் கட்டங்களால் ஆனது. இதில் எலக்ட்ரான் கதிரே பேனா. ஒரு வோல்டேஜைக் கொடுத்து, ‘ராம்ப்’ சிக்னலை இத்தனை நேரம் போட்டு வை என்றால், கதிர் அந்தத் திசையில் அத்தனை தூரம் கோடு இழுக்கும். எழுத்துகளுக்கு இன்னொரு வழி: கதிர் குறுக்கே ஏழு முறை ஓடும், ஓடும்போதே 6522 சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பிட்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் பகுதி) அதை அணைத்து அணைத்துப் போடும். என் திரையில் அந்த ஏழு வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்று நிற்காமல் படிக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போயின. அசல் சர்க்யூட் அனலாக் ஆயிற்றே, ராம்ப் போட்ட கணமே கதிர் கிளம்பாது. அந்தச் சின்னத் தாமதத்தையும் என் புரோகிராமில் சேர்த்த பிறகுதான் எழுத்து நிமிர்ந்தது. எந்த லேபிலும் எனக்கு இதைக் காட்டித் தரவில்லை.

அதோடு, கன்சோலுக்குள்ளேயே வரும் மைன் ஸ்டார்ம் கேமில் ஒரு பக் உண்டு. 13-ஆம் கட்டத்தில் தொங்கிவிடும். புகார் எழுதியவர்களுக்குத் திருத்திய கார்ட்ரிட்ஜை அனுப்பிவைத்தார்களாம். எனக்கு அவ்வளவு தூரம் விளையாட வராது, அதனால் மிச்சமிருக்கும் கப்பல்களின் (அதாவது உயிர்களின்) எண்ணிக்கையைக் குறையாதபடி ரேமிலேயே பூட்டிவிட்டு முன்னேறினேன். என் எமுலேட்டரும் 13-இல் அப்படியே தொங்கி நின்றது. பக்கத்து ரூம் பையனை எழுப்பிக் காட்டினேன். “ஹேங் ஆனதுக்கா இந்தக் குதி குதிக்கிற” என்று திட்டிவிட்டுப் படுத்தான்.

இனி “முதலில் சிப்-8 எழுதச் சொல்ல வேண்டாமா” என்று ஒருவர் வருவார். எமுலேட்டர் பழகுபவர்கள் வழக்கமாக முதலில் எழுதிப் பார்க்கும் எளிய கற்பனைக் கணினி அது. எழுதட்டும், நான் தடுக்கவில்லை. “நிண்டெண்டோவின் வர்ச்சுவல் பாய்தானே பெரிய தோல்வி” என்று இன்னொருவர் வருவார். 1995-இல் வந்தது, மொத்தமே 22 கேம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் 32-பிட் பிராசசர், முதல் முயற்சிக்கு அதிகம். மூன்றாவது ஆள், எமுலேட்டரில் ஓட்டும் ரோம் (கேமின் நகல் கோப்பு) திருட்டு என்பார். வெக்ட்ரெக்ஸின் உரிமை பிற்பாடு, அதை வடிவமைத்த நிறுவனத்தின் தலைவரான ஜே ஸ்மித்திடமே திரும்பிவிட்டது. 1990களின் நடுவிலேயே, லாப நோக்கில்லாமல் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அவர் அனுமதித்துவிட்டார். எத்தனை கன்சோலுக்கு இப்படிச் சொல்ல முடியும்?

பார்த்துப் படிக்க ‘வெக்எக்ஸ்’ என்ற எமுலேட்டரின் சோர்ஸ் கோட் கிடைக்கிறது. சின்னது, சி மொழி. எழுதியவர் பெயரைப் பாருங்கள், அசல் தமிழ்ப் பெயர். அதைத் திறப்பதற்கு முன் பிராசசரை மட்டும் நீங்களே எழுதிவிடுங்கள். சவுண்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கைடு பற்றிக் கேட்டால், தலைப்பில் ‘கேம்’ என்ற சொல்லையே போடாதீர்கள். ‘6809 நுண்செயலி சிமுலேஷன்’ என்று எழுதிக் கொடுங்கள், கையெழுத்து விழுந்துவிடும்.