‘கொறச்சு சமயம்’ என்றால் எத்தனை நாள்?

கேள்வி: டாக்டர், எனக்கு 44 வயது. ஊர் கூடலூர், நீலகிரி கூடலூர் இல்லை, கம்பம் பக்கத்துக் கூடலூர். தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தேன். போன புரட்டாசியில் காய் எடுக்கும்போது தோகை வலது கண்ணில் கீறிவிட்டது. ஊரில் தூசி எடுக்கிற பாட்டி நாக்கால் தடவி எடுத்துவிட்டார். அப்புறம் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து போட்டேன். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளையாகப் புண் வந்துவிட்டது, பூஞ்சை என்றார்கள். மாதக்கணக்கில் மருந்து விட்டுப் புண் ஆறியது, ஆனால் தழும்பு மறைத்துக் கை அசைவது மட்டும்தான் தெரிந்தது. சித்திரையில் கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிழி மாற்றி வைத்தார்கள். பார்வை வர “கொறச்சு சமயம் எடுக்கும்” என்று டாக்டரம்மா சொன்னார். இப்போது ஆவணி. இன்னும் தண்ணீருக்குள் முழித்துப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்கிறார்கள். விலை கூடின மருந்து வாங்கியிருந்தால் ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது என்றும் சொல்கிறார்கள். காய் சீசன் வந்துவிட்டது, வேலைக்குப் போகலாமா? சொட்டு மருந்து தீர்ந்து எட்டு நாள் ஆகிறது, வலி ஒன்றும் இல்லை.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சொட்டு மருந்து தீர்ந்து எட்டு நாள் என்று, நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். நாளைக்குக் காலையில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள், நாளைக்கே வரச்சொன்னால் நாளைக்கே போங்கள். வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாற்றி வைத்த கருவிழியில் உணர்ச்சி நரம்புகள் திரும்ப வளர வெகு காலம் ஆகும், அதனால் உள்ளே தகராறு ஆரம்பித்தாலும் அது சத்தமே போடாமல் இருக்கும்.

உங்களுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று அனேகமாக ஸ்டீராய்டு சொட்டு மருந்தாக இருக்கும். வைத்திருப்பது வேறு ஒருவருடைய திசு, உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுகொண்டால் தாக்க ஆரம்பித்துவிடும். கருவிழியில் இயல்பாகவே ரத்தக்குழாய் கிடையாது, அதனால்தான் இந்த மாற்று சிகிச்சைக்குச் சாதாரணமாக ரத்தப் பிரிவுகூடப் பார்ப்பதில்லை. ஆனால் பழைய புண், தையல் இதெல்லாம் சேர்ந்து ரத்தக்குழாயை உள்ளே இழுத்துவிட்டால் உடம்பின் காவலாட்கள் வந்துசேர அது வழியாகிவிடும். அவர்களைத் தூங்கவைக்கிற வேலையைத்தான் அந்த மருந்து செய்கிறது, அதைப் படிப்படியாக, மாதக்கணக்கில் குறைப்பார்களே தவிரச் சட்டென்று நிறுத்த மாட்டார்கள்.

சரி, அப்படியானால் பழைய சீட்டைக் காட்டிக் கம்பத்திலோ குமுளியிலோ அதே மருந்தை வாங்கி விட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் அது கூடாது. உங்கள் கண்ணைக் கெடுத்தது பூஞ்சை. எங்கேயாவது துளி மிச்சம் இருந்தால் ஸ்டீராய்டு அதற்குச் சோறு போட்ட மாதிரி. எத்தனை வேளை, எவ்வளவு நாள், கூட வேறு மருந்து சேர்க்கணுமா என்பதையெல்லாம் கண்ணை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்தான் சொல்லணும். முதல் தடவை மெடிக்கலில் கேட்டு வாங்கினீர்களே, அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் சிவந்த கண்ணுக்குக் கடையில் எடுத்துக் கொடுக்கிற மருந்துகளில் பாதிக்குமேல் ஸ்டீராய்டு கலந்ததாகத்தான் என் மேசைக்கு வந்திருக்கிறது. இரண்டு நாள் சிவப்பு குறையும், ஆளும் நிம்மதியாகிவிடுவார், அதற்குள் பூஞ்சை ஆழமாக இறங்கியிருக்கும்.

இனி ‘கொறச்சு சமயம்’. மலையாளத்தில் அதற்குக் கொஞ்ச காலம் ஆகும் என்று அர்த்தம். நம் காதில் அது ‘குறைச்ச நேரம்’ என்று விழுகிறது, அங்கேதான் வம்பு. எல்லையோரத்தில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், நோயாளியின் மகன் சண்டைக்கு வந்துவிடுவான். நானும் ஒன்றும் ஒழுங்கில்லை, பயிற்சி முடித்த புதிதில் ஒரு பெரியவரிடம் ஒரு மாதத்தில் பேப்பர் படிக்கலாம் ஐயா என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து அவர் பேப்பரோடு வந்து உட்கார்ந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முழுக் கனத்துக்கும் கருவிழி மாற்றினால், நிலையான பார்வை வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆவது சர்வ சாதாரணம். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

ஏன் இவ்வளவு நாள்? கருவிழி என்கிறோம், உண்மையில் அதற்கு நிறமே கிடையாது, கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி, நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். கருப்பாகத் தெரிவது பின்னால் இருக்கும் பாகம். தழும்பு விழுந்த நடுப்பகுதியை ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, கண் தானம் செய்தவருடைய கருவிழியிலிருந்து அதே போல ஒரு வட்டம் எடுத்துப் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் சுற்றிலும் தைப்பார்கள், பெரும்பாலும் 16 தையல். ரத்தக்குழாய் இல்லாத இடம் என்று முன்னே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது: காயம் கூட ரொம்ப நாளாகும். கையில் வெட்டுப்பட்டால் பத்து நாளில் தையல் பிரிப்போம், இங்கே மாதக்கணக்கில் அந்த நூல்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தவிலின் வார் ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் தோல் எப்படிக் கோணிக்கொள்ளும்? அதேதான். 16 தையலும் ஒரே அளவு இழுவையில் இருக்காது, கருவிழி உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சப்பையாக நிற்கும், வெளிச்சம் ஒரு புள்ளியில் கூடாமல் சிதறும். ஒன்று இரண்டாகத் தெரிவதும், விளக்குக்கு வால் முளைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். கண்ணாடிக் கடைக்காரர் சிலிண்டர் பவர் என்று சொல்வது இதைத்தான். டாக்டர் கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுத்துப் பார்த்து, சில மாதம் கழித்து எந்தத் தையல் இழுக்கிறதோ அதை மட்டும் எடுப்பார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, வெளிநோயாளி அறையிலேயே சில நிமிஷத்தில் முடிகிற வேலை. ஒவ்வொரு தையல் எடுக்கும்போதும் பவர் மாறும், அதனால்தான் அவசரப்பட்டுக் கண்ணாடி எழுதித் தருவதில்லை, எழுதினால் உங்கள் காசுதான் வீண்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்ல, மேசைமேல் வைத்து, ஊக்கால் ஒரு மில்லிமீட்டருக்கு ஓட்டை போடுங்கள். நல்ல வெளிச்சத்தில் தினசரிக் காலண்டருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து, இடது கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, வலது கண்ணால் முதலில் வெறுமனே பாருங்கள். அப்புறம் அட்டையைக் கண்ணில் ஒட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுப் பிடித்து, ஓட்டை வழியாகப் பாருங்கள். தேதியின் பெரிய எண் மட்டும் தெரிந்த இடத்தில் கிழமையும் நல்ல நேரமும் தெரிய ஆரம்பித்தால், வைத்த கருவிழி தெளிவாக இருக்கிறது, கோளாறு வடிவத்தில்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். ஓட்டை வழியாகவும் அதே மூட்டம்தான் என்றால் பயந்துவிடாதீர்கள், கண்புரையோ விழித்திரையோ காரணமாக இருக்கலாம், கருவிழியிலேயே நீர் கோர்த்திருக்கலாம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தக் காலண்டரை விடாதீர்கள். தினமும் அதே நாற்காலி, அதே வெளிச்சம், எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதமாக மங்கலாகவே இருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. நேற்று தெரிந்த வரி இன்று தெரியவில்லை என்பதுதான் கவலை. கூடவே கண் சிவந்தாலோ, வெளிச்சம் பார்த்தால் கூசினாலோ, வலி வந்தாலோ, கண்ணில் மணல் விழுந்த மாதிரி குத்தினாலோ அன்றைக்கே கிளம்பணும். மணல் குத்துவது தையல் ஒன்று அறுந்து நிற்பதாக இருக்கலாம், அந்த நூல் வழியாகக் கிருமியும் ஏறும், உடம்பு வேற்றுத் திசுவைத் தாக்குகிற நிராகரிப்பும் ஆரம்பிக்கும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கருவிழியின் உள்பக்கம் ஒரே வரிசையாகச் செல்கள் உட்கார்ந்துகொண்டு, கசிகிற தண்ணீரை மோட்டார் போட்ட மாதிரி வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் அது கண்ணாடியாக நிற்கிறது. அந்தச் செல் செத்தால் புதிதாக முளைக்காது. சீக்கிரம் வந்தால் மருந்தை மணிக்கு ஒரு தரம் விட்டே நிறைய கண்களைக் காப்பாற்றிவிடலாம். ஜீப் கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றால் இறைக்க ஆள் மிச்சம் இருக்காது.

தையலெல்லாம் எடுத்து அடங்கினபிறகு கண்ணாடி போட்டும் சரியாகவில்லை என்றால் கெட்டி வகை கான்டாக்ட் லென்ஸ் இருக்கிறது, அது கோணல் கருவிழிக்கு மேலே ஒரு சரியான உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். அது அப்புறம். இந்த வைத்தியம் முதன்முதலில் பலித்தது 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டில் இருக்கிற ஒலமோட்ஸ் நகரில், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் கையில். நோயாளி சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு கூலித் தொழிலாளி. இரண்டு கண்ணிலும் வைத்தார்கள், ஒன்று நிற்கவில்லை, மற்றது நின்றது, அவர் வேலைக்குத் திரும்பினார். ஒன்று தோற்றதை நான் மறைக்கவில்லை, இது நூற்றுக்கு நூறு பலிக்கிற வைத்தியம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களுக்குத் தோற்றுவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள்.

விலை கூடின மருந்து பற்றி. புண் இருந்தபோது பால் மாதிரி வெள்ளையாக, குலுக்கி விடுகிற மருந்து ஒன்று கொடுத்திருப்பார்கள், விட்டால் இமையோரம் மாவு மாதிரி படியும். அது நடாமைசின். அதற்கும் விலை கூடிய வோரிகோனசோலுக்கும் எது மேல் என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரை வைத்து ஆய்வு நடந்தது, அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து செய்தது, முடிவு 2013-ல் வெளியானது. ஜெயித்தது இந்த வெள்ளை மருந்துதான், அதுவும் நம் பக்கம் வயல் தோட்டங்களில் அதிகம் பார்க்கிற ஃபியூசேரியம் என்ற பூஞ்சைக்கு அது தெளிவாகவே மேலாக இருந்தது. ஆகவே பணம் இல்லாததால் கண் போச்சு என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். நாள் போனதுதான் காரணம், அந்தப் பாட்டியின் நாக்கும் அந்த முதல் பாட்டிலும். பாட்டியைத் திட்டாதீர்கள், ஆனால் உங்கள் ஜீப்பில் வருகிறவர்களிடம் சொல்லுங்கள்: தோகை கீறினால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கண் டாக்டர், நடுவில் நாக்கு, தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கிடையாது.

வேலைக்கு இந்த சீசன் போகாதீர்கள். கூலி போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் தரையோடு சரம் விட்டுக் காய்க்கிறது, அதைப் பறிக்கக் குனிந்து தட்டைகளுக்கு நடுவில் முகத்தை நுழைக்கணும், எல்லாத் தோகையும் சரியாகக் கண் மட்டத்தில் நிற்கிறது. மாற்றி வைத்த விளிம்பு பத்து வருஷம் ஆனாலும் பழைய பலத்துக்கு வராது, ஒரு கம்போ ஜீப் கம்பியோ ஓங்கிப் பட்டால் அந்த விளிம்பிலேயே பிரிந்துவிடும். டாக்டர் சம்மதித்த பிறகு, பக்கவாட்டையும் மூடுகிற பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொண்டு போகலாம். வியர்வையில் ஆவி படியும், எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் கழற்றக் கூடாது. அதுவரை காய் தரம் பிரிக்கிற வேலை கிடைக்குமா என்று கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். மருந்தடிக்கிற பக்கமும் புகை அடைகிற காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கமும் வேண்டாம்.

அப்புறம் இளநீர்க் குழம்பு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குமுளிப் பக்கம் போய்வருகிறவர்கள் வீட்டில் ஒரு பாட்டில் இருக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று யாராவது எடுத்து நீட்டுவார்கள். அது எரிகிற மருந்து, தையல் போட்ட கண்ணுக்குள் அது போகக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய்த் தண்ணீர் இறங்காமல் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு படுங்கள், தூக்கத்தில் கை தானாகக் கசக்கும். ஒரு கண்ணால் பழகும்வரை டம்ளரில் டீ ஊற்றினால் வெளியே போகும், பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்றுங்கள்.

நாளைக்குப் போகும்போது காலியான சொட்டு மருந்துப் பாட்டில்களையும் எல்லாச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கண் அழுத்தம் பார்த்தீர்களா என்று நீங்களே கேளுங்கள், ஸ்டீராய்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும், ஏறினாலும் வலிக்காது. மருந்து எழுதும்போது அடுத்த தடவை வரும்வரை போதுமா என்று கேட்டு, ஒரு பாட்டில் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எதையாவது சொன்னால் ‘எத்தனை மாசம்’ என்று எண்ணாகச் சொல்லச் சொல்லி, அதைச் சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள்.